தேசியச் சேமிப்பு ஒப்பீடு: ஏலம் விளையும் இரு நாடுகளை முன்வைத்து

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ஏலத்தோட்டம் உடையோர் பலருடைய நிலம் மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. பொட்டிபுரம் போன்ற அடிவார ஊர் ஒன்றில் வாழ்பவர் போடிமெட்டு வழியாக ஜீப்பில் சென்று, காய் பறித்துக் கூலி பெற்று, மாலையில் திரும்புவதாகக் கொள்வோம். அவர் உழைப்பின் விளைவு கேரளத்தின் உற்பத்திக் கணக்கில் சேரும். கூலியும் தோட்ட உரிமையாளரின் ஆதாயமும் தமிழ்நாட்டில் செலவாகும் அல்லது சேமிக்கப்படும். இந்தியாவில் மாநில வருமானம், உற்பத்தி தோன்றும் இடத்தைக் கொண்டே மதிப்பிடப்படுவதால் இப்பாய்வு கணக்கில் தெரிவதில்லை. மாநில எல்லையை நாட்டெல்லையாகக் கருதினால், உள்நாட்டுச் சேமிப்புக்கும் தேசியச் சேமிப்புக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியிலிருந்து நுகர்வைக் கழித்தால் கிடைப்பது மொத்த உள்நாட்டுச் சேமிப்பு. அதனோடு வெளிநாட்டிலிருந்து வரும் நிகரக் காரணி வருமானத்தையும் நிகர மாற்றுப் பெறுதல்களையும் கூட்டினால் மொத்தத் தேசியச் சேமிப்பு கிடைக்கும். எல்லை கடந்து சென்று திரும்புவோரின் கூலி முதல் வகையைச் சாரும். புலம்பெயர்ந்து அயல்நாட்டிலேயே தங்கியோர் குடும்பத்திற்கு அனுப்பும் பணம் இரண்டாம் வகையைச் சாரும். பின்னது தேசிய வருமானத்தில் இடம்பெறாது; செலவிடத்தக்க வருமானத்தில் மட்டுமே சேரும். ஆய்வேடுகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் கையாளப்படுவது உண்டு.

இந்திய ஏலத்திற்கு உலகச் சந்தையில் முதன்மைப் போட்டியாளரான குவாத்தமாலாவுடன் ஒப்பிடும்போது இக்குழப்பம் பெரும்பிழையாகிறது. 1914-இல் கோபான் பகுதியில் ஏலப்பயிர் அறிமுகமான அந்நாட்டிற்கு, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் 2023-இல் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இந்தியாவில் அது 3 விழுக்காட்டை ஒட்டியது. எனவே இந்தியாவுக்கு இருவகைச் சேமிப்பும் அருகருகே நிற்க, குவாத்தமாலாவுக்கு உள்நாட்டுச் சேமிப்பு மிகத் தாழ்ந்தும் தேசியச் சேமிப்பு அதைவிடப் பன்மடங்கு உயர்ந்தும் காணப்படுகின்றன.

வகுக்கும் எண்ணும் கவனத்திற்குரியது. கற்பனை எடுத்துக்காட்டாக, உற்பத்தி 100, வெளிநாட்டிலிருந்து வரும் பணம் 20, நுகர்வு 102 எனக் கொள்வோம். உள்நாட்டுச் சேமிப்பு எதிர்மறையாக 2. தேசியச் சேமிப்பு 18. இதனை உற்பத்தியால் வகுத்தால் 18 விழுக்காடு. செலவிடத்தக்க வருமானமாகிய 120-ஆல் வகுத்தால் 15 விழுக்காடு. ஒரே நாட்டிற்கு ஒரே ஆண்டில் மூன்று விடைகள்!

கால ஒப்பீட்டில் வேறொரு இடர் உண்டு. 1950-51-இல் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த இந்தியச் சேமிப்பு வீதம், 2007-08-இல் 37 விழுக்காட்டை நெருங்கியது. 2022-23-இல் ஏறத்தாழ 30 விழுக்காடு. உச்ச ஆண்டின் மதிப்பீடு 2004-05 அடியாண்டு வரிசைக்கும் பிந்தையது 2011-12 வரிசைக்கும் உரியவை. இவ்வீழ்ச்சியில் கருத்தாக்க மாற்றத்தின் பங்கைப் பிரிக்காமல் முழுவதையும் குடும்பங்களின் நடத்தைக்கு ஏற்றுவது பொருந்தாது. தங்கமும் இங்குக் குறிக்கத்தக்கது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலக்காய் விலைபோனது. அத்தகைய ஆண்டின் ஆதாயத்தில் வாங்கப்படும் நகை, இந்தியக் கணக்கில் நுகர்வாகாமல் சேமிப்பாகவே பதிவாகும்.

சேமிப்பு வீதம் உயர்ந்த நாடு பிறருக்குக் கடன் தரும் என்னும் எதிர்பார்ப்பும் இங்குப் பொய்க்கிறது. சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவது நடப்புக் கணக்கு இருப்பு. 2016 முதல் குவாத்தமாலா அதில் உபரி கண்டுவருகிறது. 2020-21 போன்ற ஓரிரு விலக்குகள் நீங்கலாக இந்தியா பற்றாக்குறையிலேயே உள்ளது. இந்தியாவின் முதலீடு அதன் உயர்ந்த சேமிப்பையும் விஞ்சுகிறது. குவாத்தமாலாவிலோ, வந்துசேரும் பணத்தின் ஒரு பகுதி உள்ளூரில் தொழிலாக மாறாமல் வெளிநாட்டுச் சொத்தாகத் திரும்பிச் செல்கிறது.