வரி இல்லாத கணக்கா, வட்டி இல்லாத கணக்கா?

பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அத்தாவின் பெயரில் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கும் ஒரு ஃபிக்சட் டெபாசிட்டும் இருக்கின்றன. துபாயில் வேலை பார்க்கும் மகன், ஊரில் இருந்தபோது தொடங்கிய பழைய கணக்குக்கே மாதாமாதம் பணம் அனுப்புகிறார். பேத்தியின் பெயரில் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு உண்டு. இவற்றில் எதற்கு வரி, எதற்கு வரி இல்லை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும்.

இதில் ஒரு குழப்பமும் கலந்துவிடுகிறது. 'வரி இல்லை' என்பதைக் கேட்டதும் 'அப்படியானால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்' என்று நினைத்துவிடுகிறோம். வரி விலக்கு என்பது அரசு தரும் சலுகை. வட்டி கூடுமா என்பது மார்க்கம் சொல்லும் சட்டம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். எந்தக் கணக்கானாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கீழே வருபவை 2025-26 நிதியாண்டின் விதிகள்.

சாதாரண சேமிப்புக் கணக்கு

சேமிப்புக் கணக்கில் வரும் வட்டி வருமானமாகவே கருதப்படும். வங்கி இதில் டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால் வரியே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கணக்கில் 5 லட்சம் ரூபாய் இருந்து 2.5 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 12,500 ரூபாய் சேரும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்த 60 வயதுக்குட்பட்டவருக்கு இதில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மீதி 2,500 ரூபாய் அவரது வருமானத்தில் சேரும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு டெபாசிட் வட்டியையும் சேர்த்து 50,000 ரூபாய் வரை கழிவு கிடைக்கும்.

புதிய வரி முறையில் இந்த இரண்டு கழிவுகளும் கிடையாது. முழு வட்டியும் வருமானத்தில் சேரும். ஆனால் அந்த முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உள்நாட்டில் வசிப்பவருக்கு வரித் தள்ளுபடி இருக்கிறது. அதனால் பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்கு வட்டிக்காகத் தனியாக வரி கட்ட வேண்டியிருக்காது. தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் மட்டும் தனி நபருக்கு 3,500 ரூபாய், கூட்டுக் கணக்குக்கு 7,000 ரூபாய் வரை வட்டிக்கு வரி விலக்கு உண்டு.

டெபாசிட்டும் டிடிஎஸ்ஸும்

ஃபிக்சட் டெபாசிட் வட்டி முழுவதும் வரிக்கு உட்பட்டது. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படும். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம் ரூபாய். வங்கியில் பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். 10 லட்சம் ரூபாய்க்கு 6.5 சதவீதம் என்றால் வட்டி 65,000 ரூபாய், டிடிஎஸ் 6,500 ரூபாய். வரி வரம்புக்குள் வராதவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்து இதைத் திரும்பப் பெறலாம். பலர் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

வரி இல்லாத திட்டங்கள்

பொது வருங்கால வைப்பு நிதி எனும் பிபிஎஃப் 15 ஆண்டுத் திட்டம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் கட்டலாம். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம். செல்வமகள் திட்டம் 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கானது. 15 ஆண்டுகள் பணம் கட்டி, கணக்குத் தொடங்கியதிலிருந்து 21 ஆண்டுகளில் முதிர்ச்சி. வட்டி 8.2 சதவீதம். இரண்டிலும் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. கட்டும் பணத்துக்கான கழிவு மட்டும் பழைய வரி முறையில்தான் கிடைக்கும்.

ஆனால் இரண்டும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட வட்டியில் நடப்பவை. வரி இல்லை என்ற ஒரே காரணத்தால் அவற்றின் தன்மை மாறிவிடாது.

வெளிநாட்டில் இருப்பவர்களின் கணக்கு

அதிகப் பணம் புழங்குவதும் அதிகத் தவறு நடப்பதும் இங்கேதான். வேலைக்காக வெளிநாடு சென்றவர் தன் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் தெரிவித்து அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஊரிலுள்ள கடை வாடகை போன்ற இந்திய வருமானம் இதில் வரலாம். இதன் வட்டிக்கு வரி உண்டு. 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் முதலிலேயே பிடித்துவிடுவார்கள். 12 லட்சம் ரூபாய்க்கான தள்ளுபடி இவர்களுக்குக் கிடையாது. இந்திய வருமானம் 4 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், புதிய வரி முறையில் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம்.

வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு இருக்கிறது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. பணத்தை எப்போது வேண்டுமானாலும் முழுமையாக வெளியே கொண்டுபோகலாம். ஒரு எச்சரிக்கை: இந்த விலக்கு வெளிநாட்டில் வசிக்கும் வரைதான். நிரந்தரமாக ஊர் திரும்பியதும் வங்கியில் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். திரும்பி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியும் என்ஆர்இ டெபாசிட்டை அப்படியே விட்டுவைத்தால், அந்த ஆண்டுகளின் வட்டிக்கு வரி கேட்டு நோட்டீஸ் வரலாம்.

வட்டியை தானம் செய்துவிட்டால்?

நம் குடும்பங்களில் வட்டியைத் தனியே கணக்குப் பார்த்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் கொடுத்துவிட்டதால் வரி போய்விடாது. கணக்கில் வட்டி ஏறியதுமே அது உங்கள் வருமானம். வங்கி தரும் விவரம் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் பதிவாகிவிடும். ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வட்டிக்கான வரியை அந்த வட்டியிலிருந்தே கட்டலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டியைக் கொடுப்பது ஜகாத்தாகாது என்பதையும் வரி கட்டியதால் ஜகாத் நீங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

வட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு

நம் நாட்டில் வட்டியில்லா வங்கிக்கு வழி இன்னும் திறக்கவில்லை. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு இதைப் பரிந்துரைத்தது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதிலளித்த ரிசர்வ் வங்கி, இத்திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று தெரிவித்துவிட்டது. அதனால் இருப்பதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். வியாபாரிகள் நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் வட்டி வராது, எனவே வட்டிக்கு வரியும் வராது. குறைந்தபட்ச இருப்பும் கட்டணமும் எவ்வளவு என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் அன்றாடச் செலவுக்குத் தேவையான அளவு மட்டும் வைத்துக்கொண்டால் வட்டியும் குறையும், கணக்குப் பார்ப்பதும் எளிது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்புக்கையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே யார் பெயரில் இருக்கிறது, போன ஆண்டு எவ்வளவு வட்டி வந்தது, அதற்கு வரி உண்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அவரது பழைய கணக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால் ஆடிட்டரிடம் காட்டுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ஆகவே பழைய எண்களை நம்பாமல் கேட்டுச் செய்யுங்கள்.

அந்தத் தாளில் கடைசியாக இன்னொரு பத்தியும் போடுங்கள்: இதில் வந்தது வட்டியா, அதை என்ன செய்தோம்? வரித் துறை இந்தக் கேள்வியைக் கேட்காது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.