ரயிலை நிறுத்தும் கட்டை

தாராவிக்கு இரண்டு பக்கமும் ரயில் ஓடுகிறது. கிழக்கே சயான். மேற்கே மாகிம். சில நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது. நிலையத்தில் நிற்கிறது. ஆட்கள் இறங்கி ஏறுவதற்குள் கிளம்பி விடுகிறது.

இத்தனை கனமான வண்டியை எது நிறுத்துகிறது?

சக்கரத்தை ஒட்டி வளைந்த கட்டை ஒன்று இருக்கும். அதுதான் பிரேக் கட்டை. மோட்டார்மேன் பிரேக் போட்டதும் காற்றின் அழுத்தம் அதைச் சக்கரத்தின் மேல் அமுக்கும். இரண்டும் உராயும். உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், சூடாகிறது அல்லவா? அதுபோல வண்டியின் வேகம் சூடாக மாறிக் குறைகிறது. இப்போது வரும் புது வண்டிகளில் மோட்டாரே முதலில் வேகத்தைக் குறைக்கும். அதனால் கட்டைக்கு வேலை குறைவு. ஆனால் கட்டையே இல்லாமல் முடியாது.

உராய்ந்தால் ஏதாவது ஒன்று தேயும். எது தேயலாம்? சந்தனம் அரைக்கும்போது கட்டை தேய்கிறது, கல் அப்படியே இருக்கிறது. இங்கும் அப்படித்தான். சக்கரத்தின் விலை அதிகம். அதைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை. மத்திய ரயில்வேக்கு மாட்டுங்காவில் 1915 முதல் பணிமனை இருக்கிறது. இதுபோன்ற பணிமனைகளில் தேய்ந்த சக்கரத்தைக் கடைந்து சரி செய்வார்கள். கடையக் கடையச் சக்கரம் சிறுக்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் கழித்துவிட வேண்டியதுதான். ஆகவே தேய வேண்டியது கட்டை.

முன்பு வார்ப்பிரும்புக் கட்டை போட்டார்கள். அது நல்ல கனம். வண்டி வேகமாக ஓடும்போது பிடிப்பு குறைவாக இருக்கும். நிற்கப் போகும் நேரத்தில் சட்டென்று இறுக்கிப் பிடிக்கும். நின்று கொண்டிருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். பிறகு கலவைக் கட்டை வந்தது. இதன் பிடிப்பு வேகத்தோடு அவ்வளவாக மாறுவதில்லை. எடையும் குறைவு.

கலவையில் என்ன இருக்கிறது? முதலில் பிசின். பழைய கறுப்பு மின்சார சுவிட்சு பேக்கலைட்டால் ஆனது. அந்தச் சாதிப் பிசின் இது. தாராவியில் பழைய வாளி, டப்பாக்களை நொறுக்கி, உருக்கி, மணிகளாக்குகிறார்கள். இந்தப் பிசினை அப்படி உருக்க முடியாது. ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சூடு மிஞ்சினால் கருகும்.

பிசின் மட்டும் போதாது. அது நொறுங்கிப் போகும். மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்துப் பிசைவது போல இதில் இழை சேர்க்கிறார்கள். எஃகு இழை, கண்ணாடி இழை என்று பல உண்டு. பிடிப்புக்குக் கடினமான தூள். வழுவழுப்புக்குக் கிராபைட். நம் சிவகங்கையில் கிடைக்கும் அதே கிராபைட் வகைதான். இன்னொரு பொருள் ஆச்சரியமானது. அது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய்! பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கையைப் புண்ணாக்கும் எண்ணெய். அதை இறுக வைத்துத் தூளாக்கிப் பிரேக் கலவைகளில் சேர்ப்பார்கள். பிடிப்பு சீராகும், கீச்சுச் சத்தம் குறையும்.

அளவு தவறினால் வம்பு. கடினத் தூள் கூடினால் சக்கரம் தேயும். கிராபைட் கூடினால் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். கலவைக் கட்டைக்கும் குறை உண்டு. மழையில் நனைந்தால் பிடிப்பு குறையலாம். இரும்பைப் போல அது சூட்டை வாங்கிக் கடத்தாது. அதனால் சூட்டின் பெரும்பகுதி சக்கரத்தில் ஏறும்.

தேய்ந்த கட்டை எங்கே போகிறது? தூளாகிக் காற்றில் கலக்கிறது. முன்பு இழைக்காகக் கல்நாரைச் சேர்த்தார்கள். அதைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோம். எரியாது, விலை குறைவு. ஆனால் அதன் நுண்ணிய இழை மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். பல ஆண்டு கழித்து நுரையீரல் இறுகும், புற்றுநோயும் வரலாம். அதனால் ரயில்வே கல்நார் இல்லாத கட்டைகளையே கேட்டு வாங்குகிறது.

ஆனால் பிரேக் ரயிலில் மட்டுமா இருக்கிறது? குர்லா, செம்பூர்ப் பக்கம் ஆட்டோ பழுதுபார்க்கும் கேரேஜ்கள் உண்டு. ஆட்டோவின் டிரம்முக்குள்ளும் இதுபோன்ற கலவைதான் தேய்கிறது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் முழுவதுமாகத் தடை செய்யப்படவில்லை. தூளைக் கண்ணால் பார்த்து எதில் கல்நார் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவது பல கேரேஜ் பையன்களின் வழக்கம். அதைச் செய்யக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது, அந்த இழை துணியைத் தாண்டிப் போகும். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்து உதறாதீர்கள். புதிய பிரேக் வாங்கும்போது கல்நார் இல்லாதது என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கல்நார்த் தொழிலாளர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு அவர்களின் உடல்நலக் குறிப்பை முதலாளி வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் வெளியே தெரிய அத்தனை காலம் ஆகலாம் அல்லவா?