கொழும்பிற் காலையுணவு

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒரு கருமமாக நான் கொழும்புக்குப் புறப்படவிருந்த வேளை, எங்கள் அயலிலுள்ள ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் உயர்தர வகுப்பில் என்னிடம் கற்றவன். கணக்கியல் படித்துக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை பெற்று, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருந்தான். “மாஸ்ரர், அவன் காலமையிலை ஒண்டும் சாப்பிடுறேல்லையாம். போன கிழமை பஸ்ஸுக்குள்ளை மயங்கி விழுந்தவனாம். ஒருக்கால் பாத்திட்டு வாங்கோ” என்றார். அவர் கையில் ஒரு பொதி இருந்தது. வறுத்த அரிசிமா. அடுப்பில்லாத அறையில் இருக்கும் பிள்ளைக்கு அரிசிமா எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரவுப் பஸ் விடியற்காலை ஐந்து மணியளவில் என்னை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. அவனுடைய அறைச் சாளரத்தில் ஒரு பிஸ்கற் பைக்கற்று இருந்தது. அதுவே அவனது காலையுணவு. நடந்ததை விசாரித்தேன். வந்த முதல் மாதத்தில், அலுவலகத்துக்கு அருகேயுள்ள ஒரு கடையில் முதல்நாட் சுட்ட வடையைத் தின்று மூன்று நாள் வயிற்றோட்டத்துடன் படுத்திருக்கிறான். அதன்பின் எந்தக் கடையிலும் அவனுக்கு நம்பிக்கையில்லை. கைத்தொலைபேசியைத் திறந்து, பலர் புள்ளியிட்டுப் பாராட்டியிருந்த உணவகங்களைக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்பகலிலே தொடங்கி, காலையுணவையும் மதியவுணவையும் ஒன்றாக்கி விருந்து படைக்கும் பெரிய ஹோட்டல்களே அங்கு முன்வரிசையில் நின்றன. எட்டரை மணிக்கு அலுவலகத்தில் இருக்கவேண்டிய பிள்ளைக்கு அதனால் ஆவதென்ன? “முகத்தைக் கழுவிக்கொண்டு வா” என்றேன்.

காலைக்கடை தேடுவோர் பெயர்ப்பலகையைப் பார்க்குமுன் கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும். உழுந்தை மாலையில் ஊறவைத்து இரவில் அரைத்தால், விடியற்புறத்தில் மா பொங்கிப் பதமாக நிற்கும். கொழும்பின் வெக்கையில் அப்பதம் நெடுநேரம் நில்லாது. வெயிலேற ஏறப் புளிப்பும் ஏறிவிடும். தேங்காய்ச் சம்பலும் அத்தகையதே. ஆறரை மணிக்கு அமிர்தமாயிருந்த சம்பல் ஒன்பதரைக்கு நீர்விட்டுத் தளர்ந்திருக்கும். ஆகவே, ஒரு கடையைச் சோதிக்க விரும்புவோர் ஏழு மணிக்கு முன்னரே அங்கு செல்வாராக. தாமதித்துச் சென்றபின் கடைக்காரரைக் குறை கூறுதல் நீதியன்று.

இரண்டாவதாக, அங்கே உண்பவர் யார் என்று பார்க்க வேண்டும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரும், காலி வீதியில் முச்சக்கரவண்டி ஓட்டுவோரும் நாள்தோறும் கூடுமிடத்தில் உணவு பெரும்பாலும் புதியதாகவே இருக்கும். அன்றைய உழைப்புக்கு அந்த ஒரு வேளை உணவையே நம்பியிருப்பவர்கள் பழையதைத் தின்றுவிட்டு மறுநாளும் வரமாட்டார்கள்.

முதல்நாள் அவனைக் காலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றிலுள்ள சைவக் கடைக்கு அழைத்துச் சென்றேன். சிறிய கடைதான், மேசைகள் நெருக்கமாய்க் கிடந்தன, ஆயினும் கை கழுவுமிடம் உலர்ந்து சுத்தமாயிருந்தது. உட்காருமுன் நான் அதைத்தான் பார்ப்பது வழக்கம்.

கொழும்பில் இருவகைத் தோசைகள் உண்டு. ஒன்று தென்னிந்திய வழியில் வந்தது. அரிசியும் உழுந்தும் அரைத்து மெல்லியதாய் வார்த்துச் சாம்பாருடன் கொடுப்பது. மற்றையது எங்கள் வீட்டுத் தோசை. உழுந்துடன் வெந்தயமும் சேர்த்தரைத்து, கோதுமை மாவும் கலந்து, புளித்தபின் வெங்காயம், செத்தல்மிளகாய், கடுகு ஆகியவற்றைத் தாளித்துக் கொட்டி, மஞ்சள் நிறந் தோன்றச் சற்றுத் தடிப்பாக வார்ப்பது. முதலாவது எங்கும் கிடைக்கும். இரண்டாவது கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்தவர் அதை எளிதில் வெளியே சொல்லார். அன்று எங்களுக்குக் கிடைத்தது முதலாவதே, நன்றாகவே இருந்தது.

கேளாமலே ஒரு தட்டில் ஆறேழு வடைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தின்றதை எண்ணிக் காசு வாங்குவதும், மிஞ்சியதை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவதும் இந்நாட்டுக் கடைகளின் நெடுநாள் வழக்கம். வடையைக் கண்டதும் என் மாணாக்கன் முகஞ் சுளித்தான். “விரலால் தொட்டுப் பார், சுட்டால் எடு, இல்லையேல் விடு. ஆனால் தொட்டதை நீயே தின்னவேண்டும்” என்றேன். தொட்டான், சுட்டது, இரண்டு தின்றான்.

கடை முதலாளி காசு வாங்கும்போது 2022ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். சமையல் எரிவாயு கிடையாமற்போன அம்மாதங்களில் பின்முற்றத்திலே விறகடுப்பு மூட்டி, இட்லியும் இடியப்பமும் மாத்திரம் அவித்தாராம். பால்மா இல்லாதபடியால் வெறுந்தேநீர்தான். “கடையைப் பூட்டலாம், ஆனா ரூம்களில இருக்கிற பிள்ளைகள் எங்க போகும்?” என்றார். அவர் பேச்சிலே மலையகம் மணந்தது. கொழும்புச் சைவக் கடைகளிற் பரிமாறும் கைகளிற் பல மலையகத்துக் கைகள்.

அந்த வார்த்தை என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துச் சென்றது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது நான் மேற்படிப்புக்காகக் கொழும்பில் இருந்தேன். தோசை தின்னப் போவதென்றாலும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இறங்கவேண்டிய காலம் அது. 2007 யூன் 7ஆந் திகதி விடியற்காலையில், விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. நான் வாடிக்கையாகச் செல்லுங் கடைக்கு அதற்கடுத்த நாட் காலையிற் சென்றேன். பரிமாறுபவர், என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. “சார், இருக்கிறீங்களா?” என்று மாத்திரம் கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் வழக்கமாய்க் குடிக்கும் தேநீர் வந்தது.

இரண்டாம்நாள் பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்தோம். வீதியோரத்தில் ஒரு சிங்கள மூதாட்டி அண்டா நிறைய இலைக்கஞ்சி வைத்திருந்தார். வல்லாரை, கறிவேப்பிலை, சாத்தாவாரி ஆகியவற்றில் அன்றைக்கு எது அகப்படுகிறதோ அதைப் பிழிந்த சாற்றைச் சிவப்பரிசிக் கஞ்சியிலும் தேங்காய்ப் பாலிலும் கலந்து காய்ச்சுவது. கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடிக்கவேண்டும். விலை குறைவு, சத்து மிகுதி. பிஸ்கற்றைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு மேல். “பொண்ட புத்தே” என்று அவர் அவனை மகனே என்றழைத்துக் கோப்பையை நீட்டினார். பச்சை நிறத்தைக் கண்டு தயங்கியவன், பாதிக்கு மேல் குடித்தபின் கருப்பட்டி இன்னொரு துண்டு கேட்டான்.

அங்கே பாற்சோறும் இருந்தது. சிங்கள மக்கள் மாதத்தின் முதலாந் திகதியிலும் நல்ல நாட்களிலும் ஆக்கி, சாய்சதுரமாக வெட்டி வைப்பது. அதனுடன் கொடுக்கும் இடித்த மிளகாய்ச் சம்பலைப் பற்றிச் சைவ உணவினர்க்கு ஒன்று சொல்லவேண்டும். அதிலும், பல கடைகளின் தேங்காய்ச் சம்பலிலுங்கூட, மாசிக்கருவாடு கலந்திருக்கும். சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய மாசியை இடித்துச் சேர்த்துவிட்டாற் கண்ணுக்குத் தெரியாது. “உம்பலகட தியெனவாத?” என்று கேட்டால் மறைக்காமற் சொல்லிவிடுவார்கள். மூதாட்டி ‘உண்டு’ என்று தலையசைத்தார். நான் வெல்லத்துடன் தின்றேன், அவன் சம்பலுடன் தின்றான். மாமிசம் உண்போர்க்கு மருதானையிலும் கொம்பனித்தெருவிலும் உள்ள முஸ்லிம் கடைகளில் இடியப்பமும் ஆட்டுக்காற் பாயாவும் விசேடம் என்பர். அது என் அறிவுக்கு அப்பாற்பட்டது. அங்கே கிடைக்கும் தேநீருக்கு மாத்திரம் நான் சாட்சி.

மூன்றாம்நாள், முதல்நாட் சென்ற சைவக் கடைக்கு அருகே, விடியுமுன்னர் ஒரு சிறுவன் இடியப்பக் கூடையுடன் போவதைக் கண்டோம். கொழும்புக் கடைகள் பல இடியப்பத்தைத் தாமே அவிப்பதில்லை. வீடுகளில் அவிப்போரிடம் வாங்குகின்றன. “கூடை புறப்படும் இடத்தைப் பார்த்தால் என்ன?” என்றான் மாணாக்கன். கேட்டது அவன் என்பதால் எனக்கு மகிழ்ச்சி.

சிறுவன் காட்டிய வீடு ஒழுங்கையின் முடிவில் இருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தாயார், மூன்று மணிக்கே எழுந்து உரலும் தட்டுமாக நின்றார். கடைகளுக்குப் போவது பெரும்பாலும் வெள்ளை இடியப்பம், அவித்த கோதுமை மாவிற் பிழிந்தது. “அரிசிமா கட்டுபடியாகுதில்லைத் தம்பி” என்றார். அப்பொழுதுதான் என் பையிற் கிடந்த பொதி நினைவுக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, “பக்குவமா வறுத்திருக்கினம். ஆர், அம்மாவோ?” என்று அவனைக் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் தலையை மாத்திரம் ஆட்டினான்.

சிவந்த இடியப்பம் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. மாசி கலவாத சம்பலும் சொதியும் இருந்தன. வாசற்படியிலே உட்கார்ந்து அவன் பதினொன்று தின்றான். நான் எண்ணவில்லை, எண்ணியவர் அந்தத் தாயார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஏழே முக்காலுக்கு அலுவலகம் போனான். நான் அன்றிரவே ஊர் திரும்பினேன்.

ஐப்பசியில் அவன் ஒருநாள் தொலைபேசியிற் பேசினான். காய்ச்சலில் இரண்டு நாள் வெளியே இறங்காமற் கிடந்தானாம். மூன்றாம்நாட் காலையில் அறைக்கதவு தட்டப்பட்டதாம். திறந்தால், கூடைச் சிறுவன் ஒரு தூக்குச் சட்டியில் சொதியும் இடியப்பமும் கொண்டுவந்து, “அண்ணை ஏன் வரேல்லை எண்டு அம்மா பாத்துவரச் சொன்னவ” என்றானாம்.

இப்பொழுது தாயாரின் மாப்பொதி மாதந்தோறும் இரவுப் பஸ்ஸிற் போகிறது. அறை விலாசத்துக்கன்று; ஒழுங்கையின் முடிவிலுள்ள அந்த வீட்டுக்கு.