சிப்பி நடத்திய ஸ்பிரிங் பாடம்

போன லீவில் தூத்துக்குடியில் நண்பனின் சித்தப்பாவோடு தூண்டில் போடப் போனேன். மீன் இரண்டே இரண்டுதான். ஆனால் நீர் வடிந்த நேரம், பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை உளியால் பெயர்த்து ஒரு சாக்கு அள்ளினோம். முத்துச்சிப்பி அல்ல, சாப்பிடும் சிப்பி. விஞ்ஞானப் பெயரிலேயே 'மெட்ராசென்சிஸ்' என்று நம் மதராஸ் இருக்கிறது!

"ஈரச் சாக்குலயே வை தம்பி, நல்ல தண்ணியில போட்டுராத" என்றார் சித்தப்பா. கேட்டேனா? மதுரை வந்ததும் குழாய்த் தண்ணீர் வாளியில் கொட்டினேன். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன.

காரணம் நம்ம மெக்கானிக்கல் பாடம்தான். இரண்டு ஓடுகளும் சேரும் கீலில் ரப்பர் போன்ற நார் உண்டு. அது அமுக்கிய ஸ்பிரிங். ஓடுகளைத் திறக்கவே பார்க்கும். இழுத்து மூடி வைப்பது உள்ளிருக்கும் தசை. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால், உள்ளே அடக்கிய கடல்நீரோடு கரையிலும் சில நாள் தாங்கும். உப்பில்லாத தண்ணீரில் செத்துவிடும், தசை தளரும், ஸ்பிரிங் ஜெயிக்கும்!

எனவே, வாய் திறந்த சிப்பியைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் தொடாதீர்கள். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்பது. சாக்கடை கலக்கும் இடத்தில் கிருமியையும் சேர்த்துக்கொள்ளும். அங்கே எடுக்கவே வேண்டாம். நல்ல இடத்துச் சிப்பியையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

எங்கள் சாக்கு முழுதும் குப்பைக்குப் போனது. "மூணு வருஷப் படிப்பு, ஒரு வாளித் தண்ணியில போச்சே!" என்றார் அம்மா.