கேன் தண்ணீரும் கத்திரி வெயிலும்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் என்று சென்னையின் தெற்குப் புறநகரில் தெருவுக்குத் தெரு 20 லிட்டர் கேன் தண்ணீர் இறங்குகிறது. பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் நிலத்தடி நீரில் கலந்தது பழைய கதை. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். நிலத்தடி நீருக்குப் பயந்து காசு கொடுத்து வாங்கும் தண்ணீரில், கேனிலிருந்து என்ன இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி.

கேனைக் கவிழ்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் தெரியும். 1 என்றால் பெட். ஒரு லிட்டர் பாட்டில்கள் எல்லாம் இந்த வகை; இப்போது கேன்களும் இதில் வருகின்றன. 7 என்றால் பிற வகை. தட்டினால் கெட்டியாக இருக்கும் கேனில் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். இரண்டின் சங்கதியும் வேறு வேறு.

பாலிகார்பனேட் செய்ய பிஸ்பீனால் ஏ வேண்டும். இது உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடிக்கும் என்பது 1930-களிலேயே தெரியும். 2009-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 77 பேரை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குடிக்கச் சொன்னார்கள்; சிறுநீரில் பிஸ்பீனால் அளவு 69 சதவீதம் கூடியது. குளிர்ந்த பானங்களுக்கே இந்தக் கதி. கொதிநீர் ஊற்றினால் 55 மடங்கு வரை வேகமாக இறங்கும் என்று 2008-ல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

எவ்வளவு இறங்கினால் கெடுதல் என்பதில்தான் சண்டை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை 2023-ல் 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் கண்ட மாற்றங்களே காரணம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்கவில்லை. சர்க்கரை நோய், இதய நோய், கருவுறுதல் கோளாறு ஆகியவற்றோடு தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. இதுதான் காரணம் என்று முடிவாக நிறுவப்படவில்லை. பச்சைக் குழந்தை விஷயத்தில் மட்டும் தயக்கம் இல்லை: பால் புட்டிகளில் பாலிகார்பனேட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனமே விலக்கிவிட்டது.

பெட்டில் பிஸ்பீனால் கிடையாது. அதைத் தயாரிக்கும்போது சேர்க்கும் ஆன்டிமனி என்ற உலோகப்போலிதான் சிறிதளவு கசியும். அரிசோனாவில் 2008-ல் செய்த சோதனையில், 60 டிகிரி சூட்டில் அமெரிக்க வரம்பைத் தாண்ட 176 நாள் ஆனது. 80 டிகிரியில் 2.3 நாளே போதுமானதாக இருந்தது. ஆக, மதியம் காரில் மறந்துவைத்த பாட்டிலால் உயிர் போய்விடாது. வெயிலில் வைத்த பாட்டிலில் டயாக்சின் ஊறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் கட்டுக்கதை. டயாக்சின் குப்பை எரிவதில் உண்டாவது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்ததே, அந்தப் புகைக்குத்தான் பயப்பட வேண்டும். துகள்கள் இன்னொரு புதிர்: பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் நுண்துகள்களை 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் எண்ணினர். அவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

ஒரே முறை திறந்து குடித்துத் தூக்கி எறியும் பாட்டிலைவிட, வீடு வீடாகச் சுற்றிவரும் கேன்தான் அதிகக் கவலைக்குரியது. கத்திரி வெயிலில் குட்டியானை வண்டியின் பின்னால் மூடாமல் அடுக்கிய கேன்கள் மேம்பாலத்தில் மெதுவாக ஏறும். கடை வாசலில் நாள் முழுக்க அவை வெயில் காயும். நீலம் மங்கி, வழவழப்புப் போய், கழுவித் தேய்த்த கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சூடும் தேய்மானமும் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும். கீறலில் பாசியும் கிருமியும் ஒட்டும். பிஸ்பீனால் பல வருடக் கணக்கு. கிருமியோ மறுநாளே வயிற்றைக் கலக்கிவிடும்.

கேன் போடுபவரிடம் வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம். புகைபடிந்தது போல மங்கியிருந்தாலோ, தயாரித்த தேதியும் உரிம எண்ணும் இல்லாவிட்டாலோ அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கியதை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கொதிக்கவைத்த தண்ணீருக்கு எவர்சில்வர் குடமே போதும்.