பாப் இல்லை, ராபர்ட்டோ

எங்க பையனுக்கு ஒன்பது வயசு. போன மாசம் அவனைக் கூட்டிக்கொண்டு, இங்கே நியூ ஜெர்சியில் ஒரு பேஸ்பால் கார்டு ஷோவுக்குப் போனேன். ஹோட்டல் ஹால் முழுக்க மேஜைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் விலை உயர்ந்த கார்டுகள், வெளியே அட்டைப் பெட்டிகளில் ஒரு டாலர் கார்டுகள். கையில் 60 டாலர் ரொக்கம். அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது என்று காரிலேயே பேசி முடித்திருந்தோம்.

1952 டாப்ஸ் மிக்கி மேண்டில் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதையும் சொல்லியிருந்தேன். "அப்போ பழைய கார்டு எல்லாமே காசாப்பா?" என்றான். இல்லை. 80-களின் கடைசியில் அளவுக்கு மீறி அச்சடித்துத் தள்ளினார்கள். அந்தக் கார்டுகள் பெரும்பாலும் இன்றும் சில்லறைக்குத்தான் போகும். எத்தனை மிச்சம் இருக்கு, மூலை மழுங்காமல் இருக்கா, படம் நடுவில் இருக்கா, யாருக்கு அது வேணும் என்பதுதான் கணக்கு.

ஒரு பெரியவரின் மேஜையில் 1969-ம் வருஷத்து கிளெமென்டே கார்டு இருந்தது. மூலைகள் மழுங்கி, குறுக்கே ஒரு மெல்லிய மடிப்பு. அதனால்தான் 45 டாலர்.

"அப்பா, பாப் கிளெமென்டேன்னு போட்டிருக்கு. அவர் ராபர்ட்டோ தானே?"

பள்ளியில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறான். புவெர்ட்டோ ரீகோக்காரர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக 3,000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர்.

பெரியவர் சிரித்தார். ராபர்ட்டோ என்று அழைப்பதைத்தான் கிளெமென்டே விரும்பினார், ஆனால் 1957 முதல் 1969 வரை டாப்ஸ் கார்டுகளில் 'பாப்' என்றே போட்டார்கள் என்றார். பக்கத்தில் 1970 கார்டை எடுத்து வைத்தார். அதில் 'ராபர்ட்டோ'. விலை 30 டாலர்.

"அவர்கிட்ட யாருமே கேக்கலையாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. மழைமேகம் என்று பொருள் வரும் பெயரை அவனுக்குத் தேடித் தேடி வைத்தோம். கிண்டர்கார்டன் முதல் நாளில் டீச்சர் தடுமாறியபோது, "பரவாயில்லை, மைக்னு கூப்பிடுங்க" என்று சொன்னது நான்தான். என் பெயரையும் ஒரு டீச்சர் இப்படித்தான் பாதியாக்கினார். அன்று அம்மா ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கும் வந்திருக்கிறது போல.

"ரெண்டும் வேணும்," என்றான். இரண்டும் சேர்த்து 75 ஆகிறதே! அவனையே பேசச் சொன்னேன். "60 டாலர்தான் இருக்கு, ரெண்டையும் தருவீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டான். பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

காரில் நான் கேட்டேன்: "ஸ்கூல்ல உன்னை என்னன்னு கூப்பிடணும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஃப்ரெண்ட்ஸ் மைக்னு கூப்பிடட்டும், பழகிடுச்சு. டீச்சர் என் பேரைச் சொல்லட்டும்."

அன்று ராத்திரியே டீச்சருக்கு ஈமெயில் எழுதினேன். அவன் பெயரை எப்படி உச்சரிக்கணும் என்று அவனே ரெக்கார்டு செய்து கொடுத்தான். அதையும் சேர்த்து அனுப்பினேன். நாலு வருஷம் தாமதம்தான்.