பொறுமையில் பதமாகும் பன்றி இறைச்சி

பன்றியின் தோள் இறைச்சியை விரைந்து சமைத்தால் அது கடினமாகவே இருக்கும். அதையே மெல்லிய சூட்டில் எட்டு மணி நேரம் வேகவிட்டால், தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் ஜெலட்டினாக மாறும். கரண்டி பட்டாலே இறைச்சி உதிரும். இதற்கெனவே அமைந்தது 'ஸ்லோ குக்கர்' என்னும் மின்சாரப் பாத்திரம். அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டு 'கிராக்பாட்' என்ற பெயரில் அறிமுகமான இது, காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய்மார்க்குப் பெருந்துணையாயிற்று.

ஆயினும், அன்புத் தாய்மாரே, மெல்ல வேகவைப்பது வேறு; அரைவேக்காடு வேறு. உறைந்த இறைச்சியை அப்படியே இட்டால், சூடு ஏறுமுன் நோய்க்கிருமிகள் பெருகும். நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கிய இறைச்சியைச் சரியாக வேகாமல் உண்டால், குடலில் புழு வளரும்.

ஆகவே, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முற்றும் உறைநிலை நீங்கிய இறைச்சியையே இடுக. வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, சிறிது வினிகர் சேர்க்கலாம். நீர் அதிகம் வேண்டாம். இறைச்சியே சாறு விடும். இடையில் மூடியைத் திறவற்க. திறந்தால் சேர்ந்த சூடு வீணாகும். இறைச்சியின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸை எட்டினால் நார் நாராகப் பிரியும். மீந்ததை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் அடுப்பிலேயே நன்கு கொதிக்கவைத்துப் பரிமாறுக. பொறுமையோடு கவனமும் சேர்ந்தாலன்றி, சுவையான உணவு நலமான உணவாகாது.